நேரம் போதாத பிரபஞ்சம்

கரும்பொருள் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கேலக்ஸிகளின் சுழற்சியில்தான் ஆரம்பிப்பார்கள். 1933ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கொத்தில் இருக்கும் கேலக்ஸிகள் தாறுமாறான வேகத்தில் திரிவதைக் கவனித்தார். 1970ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவின் ஓரத்து வாயு மேகங்களை அளந்தார்கள். மையத்திலிருந்து தள்ளிப்போனாலும் அவற்றின் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது, அதுதான் கரும்பொருள் என்று கதை முடியும். கதையில் தவறில்லை. ஆனால் கேட்டவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்: ஈர்ப்பு விதியைக் கொஞ்சம் திருத்தினால் ஆகாதா, இதற்குப் போய் புதிதாக ஒரு பொருளையே கொண்டுவர வேண்டுமா? நியாயமான கேள்வி. சுழற்சியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது என்றே நானும் நினைக்கிறேன்.

என்னை ஒப்புக்கொள்ள வைத்தது வேறொரு கணக்கு. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். அணுக்களால் ஆன சாதாரணப் பொருள் மட்டும்தான் இருந்தது என்றால், கேலக்ஸி உண்டாக அந்த வயது போதாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேர அறுபது எழுபது ஆண்டு இயற்பியல் தேவைப்பட்டது.

அண்ட நுண்ணலைப் பின்னணியிலிருந்து தொடங்கலாம். 1964ல் நியூ ஜெர்சியின் ஹோம்டெல் என்ற இடத்தில் பென்சியாஸும் வில்சனும் தற்செயலாகப் பிடித்த அந்த மெல்லிய இரைச்சல், பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளி. அதற்கு முன்பு எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் தனித்தனியாக அலைந்துகொண்டிருந்தன. ஒளி நேராகப் போக முடியாமல் எலெக்ட்ரான்களில் மோதி மோதித் திசைமாறும். வெப்பநிலை 3000 கெல்வின் அளவுக்கு இறங்கியபோது அணுக்கள் உருவாயின, ஒளி விடுபட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பிரபஞ்சம் ஏறத்தாழ 1100 மடங்கு விரிந்திருக்கிறது. அதனால் அந்த ஒளி இன்று 2.725 கெல்வினில் குளிர்ந்து கிடக்கிறது.

கண்டுபிடித்த நாளிலிருந்தே அதில் மேடுபள்ளங்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் எளிது. இன்று கேலக்ஸி இருக்கும் இடத்தில் அன்றைக்கே பொருள் கொஞ்சம் கூடுதலாகத் திரண்டிருக்க வேண்டும். திரண்டிருந்தால் அந்தத் திசையிலிருந்து வரும் ஒளியின் வெப்பநிலையிலும் அது தெரிய வேண்டும். எவ்வளவு தெரியும்? ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது அந்தக் காலத்து எதிர்பார்ப்பு. 1970களில் கருவிகள் அந்த நுட்பத்தை எட்டின, ஒன்றும் இல்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு நெருங்கினார்கள். அப்போதும் ஒன்றும் இல்லை. நாம் நகர்வதால் வானத்தின் ஒரு பாதி கொஞ்சம் சூடாகவும் மறுபாதி கொஞ்சம் குளிராகவும் தெரிவது மட்டும் கிடைத்தது. நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் நாம் போய்க்கொண்டிருப்பதன் விளைவு அது, ஆதிப் பிரபஞ்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஒளியை அளக்க 1989 நவம்பரில் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் 1992 ஏப்ரலில்தான் விடை கொடுத்தது. மேடுபள்ளம் இருக்கிறது. அளவு 30 மைக்ரோகெல்வின், அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. ஜார்ஜ் ஸ்மூட்டுக்கும் ஜான் மேதருக்கும் 2006ல் நோபல் பரிசு கிடைத்தது. செய்தித்தாள்கள் இதைப் பெருவெடிப்புக்குச் சாட்சி என்று கொண்டாடின. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த எண் எவ்வளவு சின்னது என்பதுதான்.

சின்னதாக இருந்தால் என்ன, வளரட்டுமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். அசையாமல் கிடக்கும் வாயுவில் ஓரிடம் சற்று அடர்ந்திருந்தால் அது அண்டையிலிருப்பதை இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் கனக்கும், வளர்ச்சி அடுக்கடுக்காகப் பெருகும். 1902ல் ஜேம்ஸ் ஜீன்ஸ் போட்ட கணக்கு அது. விரியும் பிரபஞ்சத்தில் அப்படி நடக்காது என்று 1946ல் எவ்கேனி லிஃப்ஷிட்ஸ் காட்டினார். ஈர்ப்பு ஒரு பக்கம் சேர்க்கிறது, விரிவு மறுபக்கம் கலைக்கிறது. இரண்டும் மல்லுக்கட்டியதில் மிஞ்சுவது மிக மந்தமான வளர்ச்சி: பிரபஞ்சம் இரண்டு மடங்கு விரிந்தால் அடர்த்தி வேறுபாடும் இரண்டு மடங்கு ஆகும், அதற்கு மேல் இல்லை.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். ஒளி விடுபட்ட நாளில் வேறுபாடு லட்சத்தில் ஒன்று. அன்றிலிருந்து விரிவு 1100 மடங்கு. பெருக்கினால் நூற்றில் ஒன்று. (விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் கடைசி சில நூறு கோடி ஆண்டுகளில் வளர்ச்சிக்குக் கட்டை போடுவதையும் சேர்த்தால் இன்னும் குறையும்.) ஆக, இன்றைய பிரபஞ்சத்தில் ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். ஒரு பகுதி விரிவிலிருந்து பிய்த்துக்கொண்டு தன்மேலேயே சரிந்து விழ வேண்டுமானால் அந்த வேறுபாடு நூறு சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஒரு சதவீதத்தில் நிற்கும் பிரபஞ்சத்தில் கேலக்ஸி இல்லை, விண்மீன் இல்லை, இந்தக் கணக்கைப் போட ஆளும் இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. விடுபடும்வரை ஒளி தன் அழுத்தத்தால் சாதாரணப் பொருளைத் திரளவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அதோடு நிற்கவில்லை, சின்னச் சின்ன வேறுபாடுகளை அழித்தும் விட்டது. ஒரு புரோட்டானுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், இருந்த காலம் அது. அடர்ந்த இடத்திலிருந்து ஃபோட்டான்கள் மெல்லக் கசிந்து வெளியேறின, போகும்போது பொருளையும் கூட இழுத்துக்கொண்டு போயின. 1968ல் ஜோசப் சில்க் இதைக் கணக்கிட்டார். பெரிய கொத்துகளின் அளவுக்கான மேடுபள்ளங்கள் தப்பித்தன. கேலக்ஸி அளவுக்கும் அதற்குக் கீழேயும் இருந்தவை வழித்துத் துடைக்கப்பட்டன. வளர நேரமும் இல்லை, வளர்வதற்கு ஒன்றும் மிஞ்சவும் இல்லை.

ஜேம்ஸ் பீபிள்ஸ் 1982ல் எழுதிய கட்டுரை இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வழியைச் சொன்னது. கோபிக்குப் பத்தாண்டுகள் முன்பு, கருவிகள் தோற்றுக்கொண்டிருந்த நாட்களில் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. ஒளியோடு எந்த ஒட்டுறவும் இல்லாத, மெதுவாக நகரும், கனமான துகள்கள் பிரபஞ்சத்தின் பெரும்பங்காக இருந்தால் என்ன ஆகும்? ஒளி அவற்றைப் பிடித்து வைக்க முடியாது. கசிந்து போகும் ஃபோட்டான்கள் அவற்றை இழுத்துப் போகவும் முடியாது. பெருவெடிப்புக்குச் சுமார் 50,000 ஆண்டுகள் கழித்து, கதிர்வீச்சின் ஆற்றலைப் பொருளின் ஆற்றல் முந்திய கணத்திலிருந்து அவை தம் போக்கில் திரள ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பும்கூட மிக மெதுவாக வளர்ந்திருக்கும். ஒளி விடுபடும் நாளில், கேலக்ஸி அளவிலான கரும்பொருள் மேடுகள் தொடக்க அளவைவிட நூறு மடங்கு வாக்கில் உயர்ந்திருக்கும். ஆனால் நுண்ணலைப் பின்னணியில் அது தெரியாது, ஏனென்றால் ஒளி தொட்டுக்கொண்டிருந்தது சாதாரணப் பொருளை மட்டும். பிடி விட்டதும் சாதாரணப் பொருள் என்ன செய்யும்? ஏற்கெனவே தோண்டி வைத்திருக்கும் ஈர்ப்புக் குழிகளில் போய் விழும். பின்னணி அவ்வளவு வழுவழுப்பாகவும், இன்றைய வானம் இவ்வளவு கட்டிகட்டியாகவும் இருப்பதற்கு முரண்பாடே இல்லை.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஜேட்ஸ் என்ற ஆய்வில் பார்த்த கேலக்ஸி ஒன்று, பெருவெடிப்புக்கு 30 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே ஒளிர்ந்துகொண்டிருந்தது. சாதாரணப் பொருள் மட்டும் உள்ள பிரபஞ்சத்தில் இன்றைக்கும் அப்படி ஒன்று கிடையாது என்ற கணக்கை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு கிளைக்கதை. கரும்பொருளுக்குப் புதுத் துகள் எதற்கு, எதனோடும் அதிகம் ஒட்டாத நியூட்ரினோ என்ற லேசான துகள் ஏற்கெனவே இருக்கிறதே என்று பலர் நம்பினார்கள். 1980ல் மாஸ்கோவில் ஒரு குழு நியூட்ரினோவுக்கு 30 எலெக்ட்ரான் வோல்ட் வாக்கில் நிறை இருப்பதாக அறிவித்தது வேறு உற்சாகத்தைக் கிளப்பியது. ஆனால் நியூட்ரினோ ஓட்டக்காரன். ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் பறந்து, சின்ன மேடுகளையெல்லாம் நிரவிவிடும். அப்படியானால் முதலில் மாபெரும் கொத்துகள் உருவாகி, பிறகு உடைந்து கேலக்ஸிகள் ஆக வேண்டும். உண்மையான வானத்தில் கேலக்ஸிகள்தான் கிழடு. கொத்துகள் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. 1983ல் வைட், ஃபிரெங்க், டேவிஸ் மூவரும் கணினியில் நியூட்ரினோ பிரபஞ்சத்தை ஓட்டிப் பார்த்து அது நம்முடையது மாதிரி இல்லை என்று காட்டினார்கள். மாஸ்கோ அளவீடும் பிற்பாடு தவறு என்று ஆனது.

சரி, கேலக்ஸி உருவாகவில்லை என்பது மறைமுகமான வாதம்தானே என்று கேட்கலாம். நேரடியாகவே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கேம்ப் என்றொரு இலவச நிரல் உண்டு. அண்டவியலாளர்கள் அன்றாடம் புழங்குவது, மடிக்கணினியிலேயே ஓடும். பிரபஞ்சத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று கொடுத்தால், நுண்ணலைப் பின்னணியின் மேடுபள்ளங்கள் எந்தக் கோண அளவில் எவ்வளவு பலமாக இருக்கும் என்ற வரைகோட்டைச் சில நொடிகளில் போட்டுத் தரும். கோபிக்குப் பின் இதே பின்னணியை இன்னும் நுட்பமாக அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் எண்களைக் கொடுத்தால் வரிசையாக முகடுகள் வரும். முதல் முகடு ஏறத்தாழ ஒரு டிகிரி அளவில், நெட்டையாக. இரண்டாவது அதில் பாதிக்கும் குறைவு. மூன்றாவது கிட்டத்தட்ட இரண்டாவதன் உயரமே. அதற்கப்புறம் படிப்படியாகத் தாழ்ந்து போகும்.

ஒளியும் சாதாரணப் பொருளும் கலந்த அந்தப் பாய்மம் ஈர்ப்புக் குழிக்குள் விழுந்து அமுங்கும், ஒளியின் அழுத்தத்தால் எம்பி விரியும், மறுபடி விழும். ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் ஓடிய ஒலி அலைகள் அவை. ஒளி விடுபட்ட கணத்தில் முதல் தடவை முழுதாக அமுங்கியிருந்த அலைகளே முதல் முகடு. அமுங்கி எம்பி விரிந்து நின்றவை இரண்டாவது. மறுபடி அமுங்கியவை மூன்றாவது. இப்போது நிரலில் சாதாரணப் பொருளைத் தொடாமல் கரும்பொருளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மொத்த வரைகோடும் உருமாறும். கவனிக்க வேண்டியது மூன்றாவது முகடு. அது இரண்டாவதற்குச் சமமாக நிற்க முடியாமல் சரிந்துகொண்டே போகும். இரண்டாம் தடவை அமுங்குவதற்கு, ஒளியோடு சேர்ந்து ஆடாத, அசையாமல் நிற்கும் குழி வேண்டும். கரும்பொருள் இல்லாவிட்டால் அந்தக் குழியே கலைந்துவிடுகிறது. பிளாங்க் அளந்த மூன்றாவது முகடு நிமிர்ந்து நிற்கிறது. அதிலிருந்து கணக்கிட்டால் கரும்பொருள் சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று அதிகம்.

ஈர்ப்பு விதியைத் திருத்துபவர்கள் இந்த முகட்டில்தான் பல காலம் இடறினார்கள். 2021ல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் இருவரும் திருத்திய ஈர்ப்பிலேயே இந்த வரைகோட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் அதற்கு அவர்கள் சேர்த்த, வெளியெங்கும் பரவியிருக்கும் புதிய புலம் ஆதிப் பிரபஞ்சத்தில் கரும்பொருள் மாதிரியேதான் நடந்துகொள்கிறது. பின்வாசல் வழியாக உள்ளே வந்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

இதுவரை சொன்னதில் ஒரு கேள்வியை நான் தொடவே இல்லை. கரும்பொருள் மேடுகளை வளர்த்தது, காப்பாற்றியது, ஆனால் உண்டாக்கவில்லை. பொதுவான கட்டுரைகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். முழுக்கச் சமமாகப் பரப்பப்பட்ட கரும்பொருளை எத்தனை கோடி ஆண்டுகள் விட்டாலும் அது சமமாகவே கிடக்கும். முதல் வேறுபாடு வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் எட்வர்ட் ஹாரிசனும் யாகோவ் செல்டோவிச்சும் தனித்தனியாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். தொடக்க வேறுபாடுகள் பெரிய அளவிலும் சின்ன அளவிலும் ஏறக்குறைய ஒரே பலத்தில் இருந்திருக்க வேண்டும்; பெரிய அளவில் கூடினால் வானம் இப்படிச் சமமாக இராது, சின்ன அளவில் கூடினால் எங்கு பார்த்தாலும் கருந்துளையாகப் போயிருக்கும். ஏன் அப்படி என்பதற்கு அவர்களிடம் காரணம் இல்லை.

காரணம் இன்ஃப்ளேஷன் என்கிற பெருவீக்கக் கருத்திலிருந்து வந்தது. ஸ்டாரோபின்ஸ்கி 1980லும் ஆலன் குத் 1981லும் வெவ்வேறு நோக்கங்களோடு அதை முன்வைத்தார்கள்: கணநேரத்தில் பிரபஞ்சம் தலைசுற்றும் மடங்குக்கு உப்பியது. வெற்றிடத்தில் குவாண்டம் சலனம், அதாவது மிக நுண்ணிய ஏற்ற இறக்கம், எப்போதும் இருக்கும், வழக்கமாக அது தோன்றி மறையும். உப்பலின் நடுவே மாட்டிக்கொண்டால் மறைய வழியில்லை. இழுபட்டு, நீண்டு, அப்படியே உறைந்துவிடும். இதை முதலில் கணக்கிட்டவர்கள் மாஸ்கோவின் முகனோவும் சிபிசோவும், 1981ல். மறு ஆண்டு கோடையில் கேம்பிரிட்ஜில் நடந்த பட்டறையில் ஹாக்கிங், ஸ்டாரோபின்ஸ்கி, குத், இன்னும் சிலர் ஆளுக்கொரு வழியில் கணக்குப் போட்டு, ஆளுக்கொரு விடையோடு வந்து, வாரக்கணக்கில் வாதாடிக் கடைசியில் ஒத்துப்போனார்கள். ஒத்துப்போன விடைப்படி அன்றைய மாதிரியில் வேறுபாடுகள் வேண்டியதைவிட மிகப் பெரியதாக இருந்தன! அதற்காக யாரும் சோர்ந்துபோகவில்லை. அளவு மாதிரியைப் பொறுத்தது. பெரிய அளவும் சின்ன அளவும் ஏறக்குறைய ஒரே பலம் என்ற வடிவம் தானாகவே வந்துவிட்டது. அந்த ஏறக்குறையவும் சேர்த்துத்தான். சின்ன அளவுகளில் பலம் மிக லேசாகக் குறையும் என்றது கணக்கு. சரிசமம் என்றால் 1 என வைத்துக்கொள்ளும் அளவுகோலில் பிளாங்க் கண்டது 0.965, பிழை 0.004.

ஆனால் இந்த எண்ணைவிட எனக்குப் பிடித்த சான்று அந்த முகடுகள் இருக்கின்றன என்பதே. ஓர் அரங்கில் ஆயிரம் பேர் ஒரே நொடியில் கைதட்ட ஆரம்பித்தால் தாளம் கேட்கும்; அவரவர் இஷ்டத்துக்கு ஆரம்பித்தால் இரைச்சல்தான். ஆதிப் பிரபஞ்சத்தின் ஒலி அலைகள் தாளத்தோடு இருந்தன. ஒரே நீளமுள்ள எல்லா அலைகளும், ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்க முடியாத தொலைவில் இருந்தவைகூட, சேர்ந்தே தொடங்கியிருக்கின்றன. ஆதியில் உண்டான மெல்லிய ஆற்றல் இழைகளே மேடுபள்ளங்களை உண்டாக்கின என்று இன்ஃப்ளேஷனுக்குப் போட்டியாக நின்ற அண்ட இழைகள் கருத்து இங்கேதான் அடிபட்டுப்போனது. இழைகள் போகிற போக்கில் பொருளை உலுக்கிக்கொண்டே இருக்கும், தாளம் குலைந்துவிடும், தனித்தனி முகடுகள் வராது. அண்டார்க்டிகாவுக்கு மேல் பலூனில் பறந்த பூமராங் சோதனை 2000ல் முதல் முகட்டைத் தெளிவாகக் காட்டியதும், அடுத்தடுத்த முகடுகள் வரிசைகட்டியதும், இழைகள் கதாநாயகன் இடத்தை இழந்தன.

அதற்காக இன்ஃப்ளேஷன் நிரூபணமாகிவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது சொல்லும் ஈர்ப்பலைகள், அதாவது வெளியின் அதிர்வுகள், நுண்ணலைப் பின்னணியில் விட்டிருக்க வேண்டிய தடம் இன்னும் அகப்படவில்லை. 2014 மார்ச்சில், தென்துருவத்திலிருந்து பின்னணியை அளந்த பைசெப் 2 குழு அகப்பட்டது என்றது. அடுத்த ஆண்டுக்குள் அது நம் பால்வெளியின் தூசி என்று தெரிந்தது. உப்பலை நடத்திய புலம் எது என்பதற்கு எண்ணற்ற மாதிரிகள் இருக்கின்றன. தொடக்க வேறுபாடுகள் எப்படி இருந்தன என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அவற்றை எது உண்டாக்கியது என்பதற்கு நல்ல சந்தேகநபர் ஒருவர் இருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

கரும்பொருளும் தொடக்கமும் தனித்தனிக் கேள்விகள் என்றேன். ஓரிடத்தில் அவை மோதிக்கொள்கின்றன. பின்னணியை அளந்தால், ஒளி எங்கே கூடுதலோ அங்கேயேதான் சாதாரணப் பொருளும் கரும்பொருளும் கூடுதல், அதே விகிதத்தில். கரும்பொருளுக்கென்று தனியான மேடுபள்ளம் இருந்தால் அதன் பங்கு சில சதவீதத்துக்குள்தான் இருக்க முடியும் என்கிறது பிளாங்க். இது எல்லாக் கரும்பொருளுக்கும் சுலபமாக வாய்க்கும் குணம் அல்ல. ஆதிச் சூட்டில் மற்றத் துகள்களோடு சேர்ந்து பிறந்த கனத் துகள் என்றால் பிரச்சினை இல்லை. கூடப் பிறந்ததால் கூடவே மேடுபள்ளமும் வரும். ஆனால் அந்தக் கனத் துகள்களைத் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பழைய தங்கச் சுரங்கத்துக்குள் டன் கணக்கில் திரவ செனானை வைத்துத் தேடியும் இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. இன்னொரு வேட்பாளரான, இதுவரை கண்டறியப்படாத மிக லேசான துகளான ஆக்சியானின் கதை வேறு. உப்பலின்போதே ஆக்சியான் புலம் இருந்திருந்தால், அதுவும் தன் பங்குக்குத் தனியாகச் சலனப்பட்டிருக்கும். உப்பல் எவ்வளவு உக்கிரமோ அவ்வளவு பெரிய தனி மேடுபள்ளம்.

ஆகவே சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சைமன்ஸ் ஆய்வகமும், பின்னால் விண்ணுக்குப் போகவிருக்கும் ஜப்பானின் லைட்பேர்டும் தேடும் ஈர்ப்பலைத் தடம், கரும்பொருள்காரர்களுக்கும் வீட்டுச் செய்திதான். அது கிடைத்தால் உப்பல் மிக உக்கிரமாக நடந்தது என்று பொருள். உப்பலுக்கு முன்பே பிறந்த ஆக்சியான்களில் பெரும்பகுதியை அப்போது பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியிருக்கும். உப்பலுக்குப் பிறகு பிறந்தவை மிஞ்சும். அவற்றின் நிறை கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஏடிஎம்எக்ஸ் குழு காந்தத்துக்குள் ஓர் உலோகப் பேழையை வைத்து, வானொலியைத் திருகுவதுபோல் அலைவரிசை அலைவரிசையாக ஆக்சியானைத் தேடிக்கொண்டிருக்கிறது. நிறை கூடினால் தேட வேண்டிய அலைவரிசையும் உயரும். ஆகவே அப்படி ஒரு செய்தி வந்தால், அவர்களும் அவர்களைப் போன்றவர்களும் இன்னும் உயர்ந்த அலைவரிசைகளுக்குத் திருக வேண்டியிருக்கும்.